ஐந்தாம் மாத ஸ்கேன்: தெரியாதது எது, பார்க்காமல் விட்டது எது?

மலைக்கோட்டை மகள் | ஞாயிறு, இரவு 10:12

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 18 வாரம் முடிந்திருக்கிறது. இரண்டாவது குழந்தை. அடுத்த வாரம் அனாமலி ஸ்கேனுக்கு, அதாவது குழந்தையின் உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு, நாள் கொடுத்திருக்கிறார்கள். நாள் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கமே வரவில்லை. காரணம் என் மூத்த பையன்.

அவன் வயிற்றில் இருந்தபோது மூன்றாம் மாதம் எடுக்கும் என்.டி. ஸ்கேன், ஐந்தாம் மாத ஸ்கேன், எட்டாம் மாத ஸ்கேன் என்று ஒன்றையும் விடவில்லை. மூன்று ரிப்போர்ட்டிலும் நார்மல் என்றுதான் இருந்தது. பிறந்த இரண்டாம் நாள் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன், மூக்கு வழியாகப் பால் வந்தது. புரையேறிவிட்டது என்று நினைத்தேன். மறுபடியும் வந்தது. என் அம்மாதான் செல்போன் டார்ச்சை அடித்து அவன் அழும்போது வாய்க்குள் பார்த்தார்கள். மேலண்ணத்தின் பின்பாதி நடுவில் பிளந்திருந்தது. உதடு முழுசாக, அழகாக இருந்ததால் பிரசவ அறையிலும் யாரும் கவனிக்கவில்லை.

அவனால் மார்பில் உறிஞ்ச முடியாது. பாலைப் பீய்ச்சி எடுத்து, பாலாடையில் ஊற்றி, நிமிர்த்தி உட்கார வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டித்தான் வளர்த்தேன். பதினோராவது மாதம் ஆபரேஷன் நடந்தது. இப்போது நாலு வயது, பேச்சுப் பயிற்சிக்குப் போய் நன்றாகப் பேசுகிறான்.

அந்த ஸ்கேன் டாக்டர் மீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. போய்க் கேட்டபோது "அதெல்லாம் ஸ்கேனில் தெரியாதும்மா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். உண்மையிலேயே தெரியாதா, சரியாகப் பார்க்கவில்லையா? என் கணவர் எனக்கு மாமா பையன், சொந்தத்தில் கட்டியது. அதனால் இந்த முறை பயம் இன்னும் அதிகம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்கேன் அறை | ஞாயிறு, இரவு 11:35

சகோதரி, நான் ஸ்கேன் டாக்டர். மதுரைப் பக்கம் 22 வருடமாக இதே வேலை. உங்களுக்கு அந்த ஒரு வரி பதில் போதாது. காரணத்தோடு சொல்லியிருக்க வேண்டும், நான் சொல்கிறேன்.

அண்ணம் மட்டும் பிளந்து உதடு சேர்ந்திருக்கும் குழந்தையை ஸ்கேனில் கண்டுபிடிப்பது மிகவும் கஷ்டம். அண்ணம் மேல் தாடை எலும்புக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. எலும்பில் பட்ட ஒலி அதைத் தாண்டிப் போகாது; பின்னால் கறுப்பாக நிழல் விழும். அந்த நிழலுக்குள்தான் அண்ணம். கீழிருந்து நாக்கு வேறு அதை ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் பையனுக்குப் பிளந்திருந்தது பின்பாதி, மென்னண்ணம். அது எலும்புகூட இல்லை, மெல்லிய சதை. சில அனுபவசாலிகள் குழந்தையின் தொண்டைப் பக்கம் உள்நாக்கைத் தேடுவார்கள். சமக்குறி மாதிரி இரண்டு சின்னக் கோடு தெரிந்தால் மென்னண்ணம் சேர்ந்திருக்கிறது என்று ஒரு தைரியம் வரும். ஆனால் அதற்குக் குழந்தை தலையைச் சரியான கோணத்தில் வைத்திருக்க வேண்டும். வழக்கமான ஐந்தாம் மாத ஸ்கேனில் எல்லோரும் செய்கிற வேலை இல்லை அது.

உதட்டுப் பிளவு அப்படி இல்லை. முகத்துக்கு நேர் எதிரே புரோபை (வயிற்றில் வைத்துப் பார்க்கும் கருவியை) பிடித்தால் இரண்டு மூக்குத் துவாரமும் மேல் உதடும் ஒரே படத்தில் வந்துவிடும். சுற்றிலும் பனிக்குட நீர் இருப்பதால் உதட்டின் விளிம்பு தெளிவாகத் தெரியும். அந்தப் படத்தை எடுக்காமல் உதட்டுப் பிளவைத் தவறவிட்டால் அது ஸ்கேன் எடுத்தவரின் குறை.

எனக்கு இதில் ஒரே ஒரு கருத்துதான். ஸ்கேனில் தெரியாதது வேறு, ஸ்கேனில் பார்க்காமல் விட்டது வேறு. பெற்றோருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் வலிக்கும். ஆனால் இரண்டையும் "ஸ்கேனில் தெரியாது" என்ற ஒரே வாக்கியத்தில் போட்டு மூடுவது தப்பு. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் பையனுடையது முதல் வகை.

கொள்ளிடக்கரை | திங்கள், காலை 6:50

நான் டாக்டர் இல்லை. திருவெறும்பூர் பக்கம் பாய்லர் குழாய்களின் வெல்டிங்கை அல்ட்ராசோனிக் முறையில் சோதிப்பது என் வேலை. டாக்டர் எழுதியதைப் படித்ததும் எங்கள் ஷாப் ஃப்ளோர்தான் ஞாபகம் வந்தது, அதனால் எழுதுகிறேன்.

இந்த ஸ்கேன் பிறந்ததே பாய்லர் வேலையிலிருந்துதான். கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்று ஒரு மகப்பேறு மருத்துவர். 1955-ல் ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ரென்ஃப்ரூவில் இருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் பாய்லர் தொழிற்சாலைக்குப் போனார். இரும்பில் விரிசல் பார்க்கும் கருவியை அந்தக் கட்டிகள் மீது வைத்துப் பார்த்தார். நீர்க்கட்டி ஒரு மாதிரியும் சதைக்கட்டி வேறு மாதிரியும் எதிரொலித்தன. டாம் பிரவுன் என்ற இன்ஜினியரும் ஜான் மெக்விகர் என்ற டாக்டரும் அவரோடு சேர்ந்தார்கள். 1958-ல் லான்செட் இதழில் மூவரும் எழுதிய கட்டுரையில் வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையின் படமும் வந்தது.

எங்கள் வேலையில் முதல் நாளே சொல்லித்தருவது இதுதான்: ஒலி போகும் திசைக்குக் குறுக்கே விரிசல் இருந்தால் எதிரொலி பளிச்சென்று திரும்பும். ஒலி போகும் திசையிலேயே நீளவாக்கில் விரிசல் இருந்தால் ஒன்றுமே வராது, வெல்டிங் சுத்தமாக இருக்கிற மாதிரி தெரியும். அதனால்தான் 45, 60, 70 டிகிரி என்று புரோபை மாற்றி மாற்றி ஒரே ஜாயிண்டை இரண்டு மூன்று பக்கத்திலிருந்து பார்ப்போம். ஒரே பக்கம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் அது சோதனையே இல்லை. குழந்தை விஷயத்திலும் அப்படித்தானா டாக்டர்?

ஸ்கேன் அறை | திங்கள், பிற்பகல் 2:20

அப்படியேதான் தம்பி. சொல்லப்போனால் இதயத்தைப் பார்க்கும்போது நாங்கள் தினமும் மாட்டிக்கொள்வதே இதில்தான்.

20 வாரத்தில் குழந்தையின் இதயம் ஒரு பெரிய திராட்சைப் பழம் அளவுதான். நிமிடத்துக்கு 140, 150 தடவை துடிக்கிறது. குழந்தையும் நிற்காமல் புரள்கிறது. இதயத்தின் நுனிப் பக்கத்திலிருந்து புரோபை வைத்தால் இடது வலது கீழறைகளுக்கு நடுவே இருக்கும் சுவர், ஒலி போகும் திசையிலேயே நீளவாக்கில் வரும். சுவரின் மேல் பகுதி மிக மெல்லியது. அந்தக் கோணத்தில் அது படத்திலிருந்து மறைந்துவிடும், அங்கே ஓட்டை இருப்பதுபோலவே தெரியும். பக்கவாட்டுக்கு வந்து பார்த்தால் சுவர் முழுசாக இருக்கும். இல்லாத ஓட்டையை ரிப்போர்ட்டில் எழுதி ஒரு குடும்பத்தையே அழவைத்த கதைகள் உண்டு. நிஜமாகவே இரண்டு மில்லிமீட்டர் ஓட்டை இருந்து, கோணம் அமையாமல் தப்பிப்போவதும் உண்டு.

இதயத்தில் இன்னொன்று. நான்கு அறைகளும் அச்சுப்போல அழகாக இருக்கும், ஆனால் வெளியே போகும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களும் இடம் மாறி முளைத்திருக்கும். பிறந்த சில மணி நேரத்தில் குழந்தை நீலம் பாரிக்கும். நான்கு அறைப் படம் மட்டும் எடுத்துவிட்டு நிறுத்துகிறவருக்கு இது தெரியவே தெரியாது. அந்த இரண்டு குழாய்களும் புறப்படும் இடத்தில் ஒன்றையொன்று குறுக்கே தாண்டிப் போகின்றனவா என்று பார்த்தாக வேண்டும். சர்வதேச வழிகாட்டுதலில் 2013-லிருந்து இது சாதாரண ஸ்கேனிலேயே சேர்ந்த வேலை. ஆகவே உங்கள் ரிப்போர்ட்டில் நான்கு அறை என்று மட்டும் இருந்து, வெளிச்செல்லும் குழாய்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்றால் தயங்காமல் கேளுங்கள்.

அப்புறம், எந்தக் கொம்பன் பார்த்தாலும் சொல்ல முடியாத இதயக் குறைகளும் இருக்கின்றன. வயிற்றுக்குள் இருக்கும் எல்லாக் குழந்தைக்கும் நுரையீரலுக்கு ரத்தம் அதிகம் போக வேண்டியதில்லை. அதனால் மேலறைகளுக்கு நடுவே ஒரு வழியும், இரண்டு பெரிய குழாய்களுக்கு நடுவே ஒரு இணைப்பும் திறந்தே இருக்கும். பிறந்த பிறகுதான் அவை மூட வேண்டும். சில குழந்தைகளுக்கு மூடாது. "பிறந்ததும் ஓட்டை என்கிறார்கள், ஸ்கேனில் ஏன் சொல்லவில்லை" என்று கேட்டு வருபவர்களில் நிறையப் பேருடைய குழந்தைக்கு இதுதான். அன்றைக்கு அது குறையே இல்லை, எல்லோருக்கும் இருக்க வேண்டிய வழி.

ஈரோட்டு அம்மா | திங்கள், இரவு 9:05

டாக்டர் இரண்டாவது வகை என்று சொன்னீர்களே, பார்க்காமல் விட்டது என்று. அது எங்களுக்கு நடந்தது.

என் மகளுக்கு ஏழு வயது. முதுகுத்தண்டு மூடாமல் பிறந்தவள். ஐந்தாம் மாத ஸ்கேன் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஜெல் ஜில்லென்று வயிற்றில் பட்டது தெரிவதற்குள் துடைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். ரிப்போர்ட்டில் முதுகெலும்பு நார்மல் என்று அச்சிட்டிருந்தது. பின்னாளில் வேறொரு டாக்டர் அந்தப் பழைய பிலிமை வாங்கிப் பார்த்தார். ஆறு படம் இருந்தது. அதில் முதுகெலும்பின் படம் ஒன்றுகூட இல்லை. தலையின் படம் இருந்தது. அதைக் காட்டி, "இந்த மண்டை ஓட்டின் முன்பக்கம் ரெண்டு பக்கமும் உள்வாங்கியிருக்கு பாருங்க, இதை வைத்தே சந்தேகப்பட்டிருக்கணும்" என்றார்.

யார் பெயரையும் எழுத மாட்டேன். என் மகள் இல்லாமல் எனக்கு ஒரு நாளும் இல்லை. தெரிந்திருந்தால் கலைத்திருப்பேனா என்று சிலர் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது, அந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்வதும் இல்லை. ஆனால் தெரிந்திருந்தால் ஆபரேஷன் வசதி இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவம் வைத்திருப்போம். பிறந்து ஆறு மணி நேரமான குழந்தையை, முதுகில் ஈரத் துணி போட்டு, குப்புறக் கிடத்தி, மூன்று மணி நேரம் ஆம்புலன்சில் கொண்டு போயிருக்க வேண்டாம். தையல் வலியோடு நான் இங்கே, அவள் அங்கே. அதுதான் எனக்கு ஆறவில்லை.

இப்போது காலில் கேலிப்பர் போட்டு நடக்கிறாள். இரண்டாம் வகுப்பு.

ஸ்கேன் அறை | திங்கள், இரவு 10:40

அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

அந்த டாக்டர் தலையைக் காட்டிச் சொன்னது எல்லோருக்கும் புரிய வேண்டும் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். 20 வாரக் குழந்தையின் முதுகில் ஒரு சின்னத் திறப்பை நேராகத் தேடிப் பிடிப்பது சுலபம் இல்லை. குழந்தை முதுகைக் கருப்பைச் சுவரில் ஒட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தால் தோலின் கோடே தெரியாது. ஆனால் முதுகு திறந்திருந்தால் தண்டுவடத் திரவம் கசிகிறது. அதனால் மூளையின் பின்பகுதி கீழ்நோக்கி இழுபடுகிறது. உருண்டையாக இருக்க வேண்டிய சிறுமூளை வளைந்து வாழைப்பழம் மாதிரி ஆகிவிடும். மண்டை ஓடு முன்பக்கம் உள்வாங்கி எலுமிச்சம்பழம் மாதிரி ஆகிவிடும். லண்டனில் நிக்கோலாய்டஸ் என்ற மருத்துவரும் குழுவினரும் 1986-ல் இதை எழுதினார்கள். அதற்குப் பிறகு முதுகுத்தண்டு திறந்திருப்பதைக் கண்டுபிடிப்பது எவ்வளவோ சுலபமாகிவிட்டது. முதுகில் இருக்கும் குறை தலையில் எழுதியிருக்கிறது. தலையை அளக்காமல் எந்த ஸ்கேனும் முடிவதில்லை, அந்த அளவு எடுக்கும்போதே கண்ணில் பட வேண்டிய விஷயம் இது.

தோல் மூடியிருக்கும் வகை வேறு. அதில் திரவம் கசியாது, தலையில் மாற்றமும் வராது. அது தப்பிப்போனால் நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

சங்குப்பிட்டி | செவ்வாய், அதிகாலை 3:15

வணக்கம் அக்காமார். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், லண்டனில் 14 வருசமாக கர்ப்பிணிகளுக்கு ஸ்கான் செய்கிறேன். இங்கே அரச சுகாதாரச் சேவையில் இந்த ஸ்கானை 18 கிழமை முடிந்ததிலிருந்து 20 கிழமை 6 நாளுக்குள் செய்வோம். ஒரு பிள்ளைக்கு 30 நிமிசம் ஒதுக்குவார்கள், இரட்டைப் பிள்ளை என்றால் 45. பிள்ளை படுத்திருக்கும் விதத்தால் ஏதாவது உறுப்பு வடிவாகத் தெரியாவிட்டால் 23 கிழமைக்குள் இன்னொரு தரம் கூப்பிடுவோம்.

இங்கே 11 நோய்களைத்தான் தேடுகிறோம் என்று தாய்க்கு முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுவார்கள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு பிடிபட வேண்டும் என்று திட்டத்தில் ஒரு எதிர்பார்ப்பும் வைத்திருந்தார்கள். மண்டை ஓடு உருவாகாத நிலை 98 வீதம். குடல் வயிற்றுக்கு வெளியே மிதக்கும் நிலை 98. முதுகுத்தண்டு திறந்திருப்பது 90. இரண்டு சிறுநீரகமும் இல்லாதது 84. உதட்டுப் பிளவு 75. உதரவிதானத்தில் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையில்) ஓட்டை 60. பாரதூரமான இதய நோய் 50. அண்ணம் மட்டும் பிளந்திருப்பது அந்தப் பட்டியலிலேயே இல்லை, அக்கா. நாங்கள் அதைத் தேடுவதாகச் சொல்வதும் இல்லை.

ஒரு தாயிடம் 50 வீதம் என்று சொல்ல எனக்கு முதலில் வாய் வரவில்லை. இப்போது சொல்லப் பழகிவிட்டேன். சொன்ன பிறகு தாய்மார் கோபப்படுவதில்லை, கூர்ந்து கேட்கிறார்கள்.

ஸ்கேன் அறை | செவ்வாய், காலை 7:30

நன்றி சகோதரி. இந்த எண்களோடு பழைய ஆய்வு ஒன்றையும் சொல்ல வேண்டும். 1993-ல் அமெரிக்காவில் ரேடியஸ் என்ற பெரிய ஆய்வு வெளிவந்தது. 24 வாரத்துக்கு முன் மொத்தம் 17% குறைகள்தான் ஸ்கேனில் பிடிபட்டன. ஆனால் அதைப் பிரித்துப் பார்த்தபோது பெரிய சிறப்பு மையங்களில் 35%, மற்ற இடங்களில் 13%. கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். 1999-ல் ஐரோப்பாவில் 14 நாடுகளில் 61 மையங்களைச் சேர்த்து எடுத்த கணக்கில் மொத்தம் 56%, அதிலும் மூளை, நரம்பு, சிறுநீரகக் குறைகளில் 88%. கருவிகள் அன்றைக்கு இருந்ததைவிட இன்று எவ்வளவோ மேல். இருந்தாலும் உறுப்புக்கு உறுப்பு, ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசம் மட்டும் போகவில்லை.

நிலாமுற்றம் | செவ்வாய், பிற்பகல் 12:10

இதற்கு நேர்மாறான அனுபவம் என்னுடையது. இதயத்தில் வெள்ளைப் புள்ளி இருக்கிறது என்று ரிப்போர்ட்டில் போட்டார்கள். வீட்டுக்கு வந்து கூகுளில் தேடினால் டவுன் சிண்ட்ரோம் என்று வருகிறது. ஒரு மாதம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. குழந்தை நன்றாகப் பிறந்தது, இப்போது ஒன்றரை வயது. தெரியாததைச் சொல்லாமல் விடுவது ஒரு கஷ்டம் என்றால், தேவையில்லாததைச் சொல்லிப் பயமுறுத்துவதும் கஷ்டம்தானே?

ஸ்கேன் அறை | செவ்வாய், மாலை 6:45

கஷ்டம்தான். அந்தப் புள்ளி இதயத்துக்குள் இருக்கும் சின்னத் தசையில் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து படிந்திருப்பது, அவ்வளவுதான். நல்ல குழந்தைகளிலேயே நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேருக்கு இருக்கும், ஆசியக் குழந்தைகளிடம் இன்னும் அதிகம். மூளையில் சின்ன நீர்க்கொப்புளம், சிறுநீரகத்தில் லேசான வீக்கம் எல்லாம் இதே ரகம். இவை குறைகள் இல்லை, அடையாளங்கள். குரோமோசோம் கோளாறு இருக்கும் குழந்தைகளிடம் கொஞ்சம் கூடுதலாகக் காணப்படுவதால் எழுதுகிறோம். ரத்தப் பரிசோதனை நன்றாக இருந்து, வேறு எதுவும் இல்லாமல் அந்தப் புள்ளி மட்டும் இருந்தால் அதற்கு மேல் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இதை ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும்போதே இரண்டு நிமிடம் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் உங்களுக்கு அந்த ஒரு மாதம் மிஞ்சியிருக்கும்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள் நிறையப் பேருக்கு ஐந்தாம் மாத ஸ்கேனில் எந்த அடையாளமும் தெரியாது. ஸ்கேன் நார்மல் என்பதால் குரோமோசோமும் நார்மல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு ரத்தப் பரிசோதனைதான் வழி. சந்தேகம் வந்தால் பனிக்குட நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். காது கேட்குமா, கண் தெரியுமா, ஆட்டிசம் வருமா என்பதெல்லாம் எந்த ஸ்கேனிலும் வராது.

புது அப்பா | செவ்வாய், இரவு 8:30

4டி ஸ்கேன் எடுத்தால் எல்லாம் இன்னும் தெளிவாகத் தெரியுமா? ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். முகம் அப்படியே போட்டோ மாதிரி வருகிறதே.

ஸ்கேன் அறை | செவ்வாய், இரவு 9:15

தம்பி, அது மேல்தோலைக் காட்டும் படம். உதட்டுப் பிளவு, கால் பாதம் வளைந்திருப்பது, விரல்கள் போன்றவற்றைக் குடும்பத்துக்குப் புரியவைக்க உதவும். மூளை, இதயம், சிறுநீரகம் எல்லாம் உள்ளே இருக்கின்றன. அவற்றைக் கறுப்பு வெள்ளைச் சாதாரணப் படத்தில்தான் பார்க்கிறோம். பணம் செலவழிப்பது என்றால் முகப் படத்துக்குச் செலவழிப்பதைவிட, நிதானமாக நேரம் கொடுத்துப் பார்ப்பவரிடம் போகச் செலவழியுங்கள். ஆணா பெண்ணா என்று மட்டும் எங்கும் கேட்காதீர்கள். 1994 சட்டப்படி கேட்பதும் சொல்வதும் குற்றம்.

மலைக்கோட்டை மகள் | செவ்வாய், இரவு 11:20

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்துவிட்டேன். ஈரோட்டு அக்கா எழுதியதைப் படித்து அழுதும்விட்டேன். டாக்டர், இன்னும் சில கேள்விகள். 18 வாரத்தில் போவதா, கொஞ்சம் தள்ளிப் போவதா? மாமியார் அடிக்கடி ஸ்கேன் எடுத்தால் குழந்தைக்கு ஆகாது என்கிறார். அங்கே போய் நான் என்ன கேட்க வேண்டும்?

ஸ்கேன் அறை | புதன், காலை 6:10

தள்ளிப் போடுவது நல்லது, ஆனால் அளவோடு. முன்பு 20 வாரம் தாண்டினால் கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் கொடுக்காது. அதனால் எல்லோரும் 18 வாரத்திலேயே அவசரமாகப் பார்த்தோம். 2021 திருத்தத்துக்குப் பிறகு கடுமையான குறை இருக்கும் கர்ப்பங்களுக்கு 24 வாரம் வரை வழி இருக்கிறது, அதற்கு மேல் மருத்துவ வாரியம் முடிவு செய்யும். அதனால் 20 வாரத்தில் பாருங்கள். அந்த இரண்டு வாரத்தில் இதயம் பெரிதாகும், மூளையின் இரண்டு பாதியையும் இணைக்கும் பாலமும் அப்போதுதான் முழுசாகத் தெரியும். உங்களுக்கு 22 வாரத்தில் இதயத்துக்கு மட்டும் தனியாக ஃபீடல் எக்கோ ஒன்றும் எடுக்கச் சொல்வேன், சொந்தத்தில் கட்டியதால்.

சில குறைகள் ஐந்தாம் மாதத்தில் இன்னும் தொடங்கியே இருக்காது. கை கால் குட்டையாகும் ஒரு வகை 24 வாரத்துக்குப் பிறகுதான் அளவில் தெரியும். சிறுகுடலின் தொடக்கத்தில் அடைப்பு இருந்தால் வயிற்றில் இரண்டு குமிழி தெரிய வேண்டும், அதுவும் பெரும்பாலும் ஆறாம் மாதத்துக்கு மேல்தான். அதனால் எட்டாம் மாத ஸ்கேனை வெறும் எடை பார்க்கும் ஸ்கேன் என்று விட்டுவிடாதீர்கள்.

மாமியார் பயப்படுவது அன்பினால்தான். இது எக்ஸ்ரே இல்லை, ஒலி. டாக்டர் சொல்லும் காரணத்துக்காக எடுக்கும் ஸ்கேனால் குழந்தைக்குக் கெடுதல் வந்ததாக நிரூபணம் இல்லை. அவரையும் ஒரு தடவை அறைக்குள் அழைத்துப் போங்கள்.

என்ன கேட்பது? எல்லாம் நார்மலா என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் பதில் வரும். "இன்றைக்கு எது சரியாகத் தெரியவில்லை?" என்று கேளுங்கள். நஞ்சுக்கொடி முன்பக்கம் இருக்கலாம், பழைய சிசேரியன் தழும்பு இருக்கலாம், வயிற்றில் சதை அதிகம் இருக்கலாம், குழந்தை குப்புறக் கிடக்கலாம். ஏதாவது ஒரு உறுப்பு எப்போதும் பாக்கி நிற்கும். அதை ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதித் தருகிற டாக்டரை நம்புங்கள். மூத்தவனுக்கு அண்ணப் பிளவு இருந்ததை முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். மறுபடியும் வருவது நூற்றில் சில பேருக்குத்தான், ஆனால் தெரிந்தால் அங்கே கூடுதலாகப் பார்ப்பார்.

கிராமச் செவிலியர் | புதன், காலை 9:40

நான் துணை சுகாதார நிலையத்தில் வேலை செய்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். முதுகுத்தண்டு கரு உருவான 28 நாளுக்குள் மூடிவிடும். நிறையப் பேருக்கு அப்போது தாங்கள் கர்ப்பம் என்பதே தெரியாது. நாள் தள்ளிப்போன பிறகு என்னிடம் வந்து ஃபோலிக் ஆசிட் மாத்திரை வாங்கினால் அந்த 28 நாளில் பாதி போயிருக்கும். குழந்தைக்குத் திட்டமிடும்போதே வந்து வாங்குங்கள், இலவசம்தான். ஈரோட்டு அக்கா அடுத்த குழந்தைக்கு நினைத்தால் சாதாரண மாத்திரை போதாது. 5 மில்லிகிராம் டாக்டர் எழுதித் தர வேண்டும். பிறந்த குழந்தையிடம் ஏதாவது வித்தியாசம் தெரிந்தால் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பிறவிக் குறைகளைப் பார்க்கும் இடையீட்டு மையத்துக்கு நாங்களே அனுப்புவோம். அண்ணப் பிளவுக்கும் அங்கிருந்துதான் அனுப்புகிறோம்.

மலைக்கோட்டை மகள் | இரண்டு வாரம் கழித்து, வெள்ளி, இரவு 7:55

இன்று ஸ்கேன் முடிந்தது. 20 வாரம் 3 நாள். இந்த முறை வேறு இடம்.

உள்ளே போனதும் மூத்தவன் விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் அம்மா ஒரு நிமிடம் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்து முழுசாகக் கேட்டார். அப்புறம் தலையிலிருந்து தொடங்கினார். சிறுமூளையைக் காட்டி, உருண்டையாக இருக்கு பாரும்மா என்றார். ஈரோட்டு அக்காவை நினைத்துக்கொண்டேன். முதுகெலும்பு ரெண்டு வரிசையாக, முத்து கோத்த மாதிரி இருந்தது. உதடு, இரண்டு மூக்குத் துவாரம், எல்லாம் சேர்ந்தே இருந்தது. இதயத்துக்கு வந்தபோது குழந்தை குப்புறத் திரும்பிவிட்டது. முதுகெலும்பின் நிழல் இதயத்தின் மேலேயே விழுந்தது. "போய் ஏதாவது சாப்பிட்டு, மாடிப்படி ஏறி இறங்கி வா" என்றார். மாமியார் என்னைக் கூட்டிக்கொண்டு போய் இட்லி வாங்கிக் கொடுத்தார். அரை மணி கழித்துப் போனால் மல்லாந்து படுத்திருந்தது. இரண்டு குழாய்களும் குறுக்கே போவதை நிறம் போட்டுக் காட்டினார். கொள்ளிடக்கரை அண்ணா, நான்கைந்து பக்கத்திலிருந்து பார்த்தார்.

கடைசியில் நானே கேட்டேன், எது சரியாகத் தெரியவில்லை என்று. அவர் தொண்டைப் பக்கம் கொஞ்ச நேரம் தேடினார். ஒரு முறை அந்த இரண்டு கோடு தெரிந்த மாதிரி இருந்தது, குழந்தை விழுங்கியதும் போய்விட்டது. "சேர்ந்திருக்குன்னு என் மனசுக்குப் படுது, ஆனா எழுதித் தர மாட்டேன். பிறந்ததும் வாயைத் திறந்து விரலை விட்டுத் தடவிப் பார்க்கச் சொல்றேன்" என்றார். அதையே ரிப்போர்ட்டின் கீழே எழுதியும் கொடுத்தார்: மென்னண்ணம் உறுதி செய்ய இயலவில்லை, பிறந்தவுடன் பரிசோதிக்கவும். போன தடவை யாராவது இந்த ஒரு வரியை எழுதியிருந்தால் இரண்டு நாள் அவன் மூக்கு வழியாகப் பால் ஏறித் திணறியிருக்க மாட்டான்.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து அந்தப் பழைய பாலாடையை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். எக்கோ வர்ற வாரம் புதன்கிழமை.

ஸ்கேன் அறை | வெள்ளி, இரவு 9:20

சந்தோஷம் சகோதரி. எக்கோவுக்குப் போகும்போது இன்றைய பிலிமையும் என்.டி. ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், அங்கேயும் நேரம் ஆகும். அந்தக் கடைசி வரியைப் பிரசவம் பார்க்கப்போகும் டாக்டரிடமும் குழந்தை டாக்டரிடமும் இப்போதே காட்டி, பிரசவ சீட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.